மூச்சு விடலாம்

ஞாயிறு, காலை ஆறே கால்.
பூங்காவின் இரும்புக் கதவு பாதிதான் திறந்திருந்தது.
பதினொரு பேர், பத்து கேமரா,
ஒரு தட்டுவடைப் பொட்டலம்.
என்னிடம் போன் மட்டும்.
அதன் லென்ஸிலும் ஒரு விரிசல்.

‘வெளிச்சம் மலைப்பக்கமிருந்து வரும், பொறுங்க’ என்றார்
எங்களைக் கூட்டி வந்த அல்தாப்.
சேர்வராயன் இன்னும் எழவே இல்லை.
மேகத்தை இழுத்துப் போர்த்தியிருந்தது.

வாரத்தில் ஆறு நாள் நானும் படம்தான் எடுக்கிறேன்.
அஸ்தம்பட்டியில் ஸ்கேன் சென்டர்,
ஜன்னலில்லாத அறை, தோளை அழுத்தும் ஈயக் கோட்டு.
சட்டையைக் கழற்றுங்க. கயிறு இருந்தா அதையும்.
முகவாய் மேலே.
மூச்சை இழுங்க, நிறுத்துங்க.
மூச்சு விடலாம்.
என் படங்களில் இதுவரை ஒருவரும் சிரித்ததில்லை.
நன்றாக வரவில்லை, இன்னொன்று எடு என்று
ஒருவரும் கேட்டதில்லை.

வெள்ளைக்காரன் காலத்து பேண்டு மேடை.
எட்டுத் தூண், அதில் ஒன்று பிற்பாடு வைத்தது;
சிமெண்ட் காட்டிக்கொடுக்கிறது.
படிக்கட்டில் பதித்த கல்லில்
ஒன்று, ஒன்பது வரை படிக்க முடிந்தது.
அடுத்த இரண்டு இலக்கத்தின் மேல்
ஆயில் பெயிண்டில் ஓர் இதயம், அம்பு துளைத்து,
ஒரு முனையில் ‘எஸ்’,
மறுமுனையைச் சுரண்டியிருந்தார்கள்.
எல்லோரும் கல்லை எடுத்தார்கள்.
நான் சுரண்டலை.

நீரூற்றில் நேற்றைய மழை முழங்கால் அளவு.
ஒற்றைச் செருப்பு கப்பலாக.

தூங்குமூஞ்சி மரத்தடியில் பாப்பாயி கூட்டிக்கொண்டிருந்தார்.
புழுதியில் முதல் வெயில் கோடு கோடாய் இறங்க
பத்து கேமராவும் மண்டியிட்டன.
‘குப்பையையா எடுக்கிறீங்க?
கூட்டி முடிச்சப்புறம் வாங்க சாமி, அழகா இருக்கும்.’
அல்தாப் கெஞ்சினார், அதே இடத்தை மறுக்கா ஒருதரம்.
‘மறுக்கா கூட்டணும்னா மறுக்கா சம்பளம்.’
விளக்குமாற்றைத் தோளில் சாய்த்து
அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.
அந்த நடையை யாரும் எடுக்கவில்லை.

அப்போதுதான் அவர் என்னைக் கடந்தார்.
வெள்ளை ஷூ, கையில் சுருட்டிய செய்தித்தாள்,
இடது தோள் ஒரு விரற்கடை இறங்கி.
முகம் நினைவில்லை;
எங்கள் படத்தில் முகம் வருவதில்லை.
ஆனால் அந்தத் தோளைத் தெரியும்.
காறை எலும்பில் தகடு, ஆறு திருகு,
நான்காம் ஐந்தாம் விலாவில் கூடிவரும் முறிவு.
உறையின் மேல் என் கையெழுத்து:
அர்த்தநாரி, ஐம்பத்தெட்டு, ஆண்.
கொண்டலாம்பட்டி ரவுண்டானா, லாரி, மழை
என்றெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார் அன்று.
பேசாதீங்க, படம் அசையும் என்றேன்.

இரண்டாவது சுற்றில் அவரே நின்றார்.
‘என்னையும் ஒண்ணு எடும்மா.’
கேமரா வைத்திருந்த பத்துப் பேரை விட்டுவிட்டு.
‘சிரிக்கிற படம் இல்ல.
கை எவ்வளவு தூரம் போகுதுன்னு
பிசியோகாரப் பொண்ணுக்கு அனுப்பணும்.’

செய்தித்தாளைப் புல்லில் வைத்தார்.
இடது கை புறப்பட்டது.
இடுப்பு. மார்பு. தோள்.
அங்கே கொஞ்ச நேரம் நின்றது,
லிப்ட் மாடி தேடுவதுபோல.
பிறகு காது.
காதுக்கும் மேல் இரண்டு விரல்.

‘மலை! மலை!’ என்று அல்தாப் கத்தினார்.
பத்து கேமராவும் வடக்கே திரும்பின.
அவர் முதுகுக்குப் பின்னால்
நீலமாக ஏதோ எழுந்துகொண்டிருந்தது.
நான் பார்க்கவில்லை.
அவர் முகம் சிவந்துகொண்டு வந்தது,
கழுத்து நரம்பு புடைத்தது.
பழக்கம்தான்,
வாய் தானாகச் சொன்னது:
மூச்சு விடலாம்.

விட்டார்.
கையை இறக்காமலே என்னைப் பார்த்தார்.
‘இந்தக் குரலை எங்கேயோ...’

போனைக் காட்டினேன்.
படம் அசைந்திருந்தது.
லென்ஸின் விரிசல் சரியாக அவர் தோளில்.
‘இன்னொண்ணு எடுக்கட்டுமா?’
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி,
அர்த்தநாரி வெகுநேரம் பார்த்தார்.
‘கை தெரியுதுல்ல.
போதும், அனுப்பு.’